அடுத்த பகுதிக்குப் போக விடாதவன்

எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வேதத்தில் ஒரு சின்னப் பகுதி படிப்போம். படித்ததை எல்லோரும் செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஒருவர் செய்யாமல் வந்தாலும் அடுத்த வாரம் அதே பகுதிதான். செய்து முடித்தவர்களும் உட்கார்ந்து அதையே மறுபடி கேட்க வேண்டியதுதான்.

சட்டம் போட்டது தையலக்கா. நாங்கள் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் கிழிந்ததைத் தைப்பது அவர் வேலை. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் ஷீட்டுகளில் கிழிசல் எல்லாம் அவர் மெஷினைத் தாண்டித்தான் திரும்பிப் போகும். முன்பு இந்தக் கூட்டத்தில் வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓடி ஓடிப் படித்து முடித்தார்களாம். முடித்த அன்றே குழாயடியில் யார் முதலில் கை கழுவுவது என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். "இவ்வளவு படிச்சும் நாம வளரவே இல்லை. பால் பல்லோடயே தலை நரைச்சுப் போச்சு" என்று சொல்லி, அக்கா அந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டார்.

அந்தச் சட்டத்தில் மாட்டி, மொத்தக் கூட்டத்தையும் ஒரே பகுதியில் கட்டிப்போட்டவன் நான்.

பகுதி ஒன்றும் நீளமில்லை. காணிக்கையைத் தூக்கிக்கொண்டு பலிபீடத்துக்கு முன்னால் வந்து நிற்கிறாய். அந்த நேரம் பார்த்து, சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது ஞாபகத்துக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகிவிட்டு வா என்று சொல்லும் பகுதி. எல்லோருக்கும் வாழ்க்கையில் ஒரு சகோதரன் இருந்தான். எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டார்கள். எனக்கு மச்சான் இருந்தான். நான் போகவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அடுத்த பகுதியை வாசிக்க வேண்டியது என் முறை. கூட்டத்தில் வாசிப்பது முறைவைத்துத்தான் நடக்கும். ஐம்பதைத் தாண்டிய பிறகு எழுத்துப் படித்தவன் நான். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் வாசிக்கும்போது புத்தகத்தில் விரலை நகர்த்தி நகர்த்திப் படித்த எழுத்து அது. நாலு பேர் கேட்க, சத்தமாக, ஒரு வரிகூட என் ஆயுளில் வாசித்ததில்லை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்குக் குறுக்கே நானே கட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் தையல் அறையில் கூடுவோம். கிழிசல் மூட்டைகள்தான் உட்காரும் இடம். தையலக்கா மெஷினுக்கு உறை போட்டு மூடுவார், சுருக்கமாக ஜெபிப்பார், கண்ணைத் திறந்ததும் நேராக என் பக்கம் திரும்புவார்.

"என்ன, பேசினீங்களா?"

"நான் அவனை மன்னிச்சிட்டேன்க்கா. மனசுக்குள்ள."

"மனசுக்குள்ளயா?" என்றாள் சோப்பம்மா. மெஷின்களுக்குச் சோப்பும் பிளீச்சிங் பவுடரும் அளந்து போடுகிறவள். அவள் வாயிலும் அதே பிளீச்சிங்தான். "நானும் இந்த வாரம் மனசுக்குள்ளயே துவைச்சிருக்கலாமே. கையாவது உரியாம இருந்திருக்கும்."

டிரைவர் தன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இங்க பாருங்கய்யா. மத்த பக்கமெல்லாம் வெள்ளையா இருக்கு. இந்த ஒரு பக்கம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போச்சு. ஸ்டியரிங்கைப் பிடிச்சா காணிக்கை, பிரேக்கை மிதிச்சா பலிபீடம். என் பொண்டாட்டி கேக்குறா, உங்க புத்தகத்துல வேற பக்கமே அச்சடிக்கலையான்னு."

"தப்பு பண்ணினது அவன். அவன்தான் வரணும்" என்றேன்.

"அப்படி எந்த வரியில இருக்கு?" என்றார் தையலக்கா. கோபமில்லாமல்தான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"அக்கா, இந்த ஆளை விட்டுட்டு நாம மேலே போவோம்" என்றாள் சோப்பம்மா. "இவரு அழுக்கு ஊற வேண்டிய அழுக்கு. தனியாத் தொட்டியில போட்டு வைங்க. நாம போயிட்டே இருப்போம்."

"ஒருத்தரை விட்டுட்டுப் போறதுக்கு இது பஸ் இல்லை."

"பஸ்ஸா இருந்தா நான் எப்பவோ இறக்கி விட்டிருப்பேன்" என்றார் டிரைவர்.

அந்த வாரமும் பகுதி நகரவில்லை. கிளம்பும்போது யாரும் என்னிடம் 'வர்றேன்' என்றுகூடச் சொல்லவில்லை. ஏசுகிறவர்களுக்கு நடுவில் உட்காரலாம். முகம் திருப்பிக்கொள்கிறவர்களுக்கு நடுவில், அதுவும் ஜெபம் முடிந்த கையோடு, உட்காருவது கஷ்டம்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. சலவைக்கூடத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். சூட்டு ரோலரில் எனக்கு ஜோடியும் அவன்தான். துவைத்துப் பிழிந்த ஷீட் ஈரத்தோடு எங்கள் கைக்கு வரும். இந்த ஓரத்தை நான் பிடிக்க வேண்டும், அந்த ஓரத்தை அவன் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே அளவுக்கு இழுத்துப் பிடித்து, விளிம்பை நேராக ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். அது உள்ளே இழுத்துக்கொண்டு, காய்ந்து தகடுபோல மறுபக்கம் வெளியே தள்ளும். அங்கே மடிக்க ஆள் நிற்கும். ஒற்றை ஆள் செய்கிற வேலையில்லை. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நிற்க வேண்டும். பிடித்தவன் முகமென்றால் பொழுது போய்விடும். பிடிக்காதவன் முகமென்றால் ரோலரின் சூடு பெரிதாகத் தெரியாது.

சம்பள நாளில் நான் கட்டைவிரலை மையில் அழுத்துவேன். ஒருமுறை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மச்சான், எல்லோர் காதிலும் விழும்படி, "கைநாட்டு மாமா, மையை முழுக்கக் காலி பண்ணிடாதீங்க, மத்தவங்க பேனாவுக்கு வேணும்" என்றான். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து சலவைக்கூடத்தில் என் பெயர் கைநாட்டு. நாங்கள் பேச்சை நிறுத்திய பிறகு அவன் வாயில் மாமா உதிர்ந்துவிட்டது, கைநாட்டு மட்டும் நின்றது. நான் எழுத்துப் படிக்க ஆரம்பித்தது அதனால்தான். எல்லோரும் பக்தியில் வேதத்தைத் தொட்டார்கள். நான் பகையில் தொட்டேன். ஓசியில் எழுத்துக் கற்றுத்தர அந்தக் கூட்டத்தைவிட்டால் வேறு இடம் எனக்குத் தெரியாது. ஒருநாள் அவன் எதிரில் நின்று கடகடவென்று வாசித்து, அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அதுதான் என் காணிக்கை.

இன்று கையெழுத்துப் போடுகிறேன். பெயர் மாறவில்லை. எதிரெதிரே நின்று ஷீட் பிடிக்கிறோம், பேச்சில்லை. அவன் வாய்க்குப் பதிலாக என் கை பேசியது. ஒவ்வொரு ஷீட்டையும் வெடுக்கென்று இழுத்தேன். அவன் ஓரம் கையைவிட்டு நழுவினால் உள்ளுக்குள் ஓர் இனிப்பு. வீட்டுக்குப் போகும்போதுகூட அவன் நேர்த்தெருவில் போனால், நான் குடோன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். இருவர் வீடும் அடுத்தடுத்த சந்துதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டில் அதே பகுதியைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். மனைவி துணிக்கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. உங்களுக்கு இன்னும் ஆகலையா?"

"மனப்பாடமெல்லாம் எப்பவோ ஆச்சு. வாசிக்கத்தான் பழகுறேன்."

"மனப்பாடம் ஆனவரு போய்க் கேட்டிருக்க வேண்டியதுதானே, என் தம்பிக்கு உங்கமேல என்ன குறைன்னு?"

"அவனுக்கு என்ன குறை? குறைப்பட வேண்டியவன் நான்."

அவள் துணியை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு இருக்கிற குறையைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லையே. உங்கமேல அவனுக்கு இருக்கிற குறையைப் பத்தித்தானே பேசுது? இத்தனை வாரமா பத்துப் பேர் கூடி என்னத்தைப் படிச்சீங்க?"

விரலை வைத்து மறுபடி போனேன். அவள் சொன்னது சரி. நான் மன்னித்தேனா இல்லையா என்று அந்தப் பகுதி கேட்கவே இல்லை. என்மேல் ஒருவன் குறையோடு இருக்கிறான், அதற்காக நான் நடக்க வேண்டும் என்கிறது. கூட்டத்தில் எல்லோரும் என்னை 'மன்னிச்சுடு, மன்னிச்சுடு' என்று நெருக்கினார்கள். நானும் மன்னிக்கிற உயரத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கீழே தள்ளிவிட்டாள்.

"சரி, அவனுக்கு என்ன குறை? உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லு."

"நான் ஏன் சொல்லணும்? போகச் சொல்லித்தானே போட்டிருக்கு? பொண்டாட்டிகிட்ட விசாரிச்சுக்கோன்னு போடலையே." துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ரோலரில் கேட்டேன். அந்த இரைச்சலில் காதோடு காதாக எதுவும் கேட்க முடியாது. கத்தித்தான் கேட்க வேண்டும்.

"உனக்கு என்மேல என்ன குறை?"

அவன் ஷீட்டை ரோலரில் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான்.

"உனக்குத்தான்! என்மேல! என்ன குறை?"

மறுபக்கம் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிழியும் மெஷினிலிருந்து ஒருவன் விசிலடித்தான்.

"யோவ் கைநாட்டு" என்றான் மச்சான், "வசனம் பேசணும்னா சாயங்காலம் போய்ப் பேசு. இங்க துணியைப் பிடி."

சாயங்காலம் கேட் பக்கம் காத்திருந்து கேட்டேன். பதில் சொல்லாமல் போனான். மறுநாள் கைகழுவும் இடத்தில் கேட்டேன். என் காலில் தண்ணீரைச் சிதறவிட்டுப் போனான். அதற்கடுத்த நாள் உடுப்பு மாற்றும் இடத்தில், அவன் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். தலை உள்ளே இருந்ததால் ஓட முடியவில்லை.

"உனக்கு வெக்கமே இல்லையா?" என்றான் சட்டைக்குள்ளிருந்து.

"இருக்கு. அதான் கேக்குறேன்."

"கேட்டுத்தான் ஆகணுமா?"

"ஆமாம்."

தலையை வெளியே எடுத்தான். வலது கையை மேலே தூக்கினான். காது உயரத்தில் நின்றுவிட்டது. அதற்குமேல் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினான்.

"இது ஒண்ணு. நீ ஒவ்வொரு ஷீட்டுக்கும் இழுக்கிற இழுப்பு. தலையில எண்ணெய் தேய்க்கக்கூட இந்தக் கை போக மாட்டேங்குது. சூப்பர்வைசர்கிட்ட சொல்லலாம். சொன்னா உன்னைத் தூக்கிருவாங்க. அப்புறம் என் அக்கா என்ன பண்ணுவான்னு வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன். இது குறையா, இல்லையா?"

நான் என் கைகளைப் பார்த்தேன்.

"ரெண்டாவது. என் பொண்ணு காய்ச்சல்ல படுத்துக்கிட்டு அத்தை வேணும் அத்தை வேணும்னு அழுதா. அடுத்த சந்துல இருக்கிற அத்தை வரலை. நீ விடலை."

"நான் போகாதேன்னு சொல்லவே இல்லையே!"

"நீ சொல்ல வேற வேணுமா? அவ செருப்பை மாட்டினா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? அக்கா அந்த மூஞ்சிக்குப் பயந்து செருப்பைக் கழட்டியிருப்பா. வேதம் படிக்கிறானாம், வேதம்!"

"மன்னிச்சுக்கோ" என்றேன். அந்தச் சொல் வாயில் சுருட்டி வைத்திருந்த ஈரத்துணிபோல வந்தது.

"கேட்டே, சொன்னேன். மன்னிக்கிறதா யாரு சொன்னது?" கதவை அறைந்துவிட்டுப் போனான்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், "தம்பி வீட்டுக்குப் போயிட்டு வா" என்றேன். அவள் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். "இதுக்கு முறைச்சாலே தேவலை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். நானும் கூடப் போனேன். மாடிப்படிவரைதான். மேலே ஜன்னலில் மச்சான் தலை தெரிந்தது.

"அக்கா மட்டும் வரட்டும்" என்றான்.

"அக்கா மட்டும்தான் வர்றா" என்றேன்.

கீழே நின்றேன். படியில் யாரோ குப்பைக்கூடையை வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் நின்றேன். மேலே குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. திரும்பும்போது மனைவியின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுத ஆசைதான். எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் என் பக்கத்தில் நடந்தபோது இந்தத் துள்ளல் எங்கே போயிருந்தது என்ற எரிச்சல்.

வியாழக்கிழமை கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். குப்பைக்கூடை உட்பட.

"அவர் சமாதானம் ஆனாரா?" என்றார் தையலக்கா.

"இல்லை."

"ஐயோ!" என்று டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போனாரே, கேட்டாரே, குப்பைக்கூடை பக்கத்துல நின்னாரே! இதுக்கு மேல என்னக்கா?"

"சமாதானமாகுன்னு போட்டிருக்கு. கேட்டுட்டு வான்னு போடலை."

"அவன் ஒத்துக்கலைன்னா இந்த ஆளு என்ன பண்ணுவாரு?" என்றாள் சோப்பம்மா. அவள் எனக்காகப் பேசியது அதுதான் முதல்முறை. பேசிவிட்டு அவளே என்னை முறைத்தாள்.

"செய்ய இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கும். இருக்கிறதைச் செய்யட்டும்."

மிச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். என் கை. அடுத்த நாளிலிருந்து ஷீட்டை இழுக்கவில்லை. பச்சைக் குழந்தையின் துணியைப் பிடிப்பதுபோல மெதுவாகப் பிடித்தேன். அவன் ஓரம் கொஞ்சம் அசைந்தாலும் என் பக்கம் விட்டுக்கொடுத்தேன். அவன் தோளுக்கு ஒரு சிரமம் வரக்கூடாது. தையலக்கா சொன்ன வளர்ச்சி இதுதான் போலிருக்கிறது என்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

விளைவு? ஷீட்டெல்லாம் சுருக்கத்தோடு வெளியே வந்தது. ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தொய்ந்தால் ரோலர் குறுக்கே மடித்து இழுத்துவிடும். மடிப்பு அப்படியே வெந்து இறங்கிவிடும். மறுபடி நனைத்து மறுபடி போட வேண்டும். மறுபக்கத்துப் பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர் வந்து ஒரு ஷீட்டைப் பிடித்து எங்கள் முகத்துக்கு நேரே உதறினார்.

"இது என்ன, ஷீட்டா, என் பாட்டி மூஞ்சியா? ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன், இப்படியே போனா ரெண்டு பேருமே வீட்டுக்குத்தான்."

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் ரோலர் தேவையில்லை, ஷீட் காய்ந்துவிடும். நான் இன்னும் மெதுவாகப் பிடித்தேன். இன்னும் சுருங்கியது.

அடுத்த வியாழன். ஜெபம் முடிந்து தையலக்கா என் பக்கம் திரும்பும் முன்னே கதவு படாரென்று திறந்தது. மச்சான். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"இங்க யாரு பெரிய ஆளு?" என்றான்.

"அப்படி யாரும் இல்லை. என்ன வேணும்?" என்றார் அக்கா.

"இந்த ஆளை இழுக்கச் சொல்லுங்க."

"எதை?"

"ஷீட்டைத்தான்! வேற எதை இழுப்பாங்க? ஒரு வாரமா கையில பூவை வச்சிருக்கிற மாதிரி பிடிக்கிறான். ஷீட்டு ஷீட்டா சுருங்கி நாசமாப் போகுது. சூப்பர்வைசர் என்னையும் சேர்த்துத் திட்டுறாரு. நீங்க என்ன வேதம் சொல்லிக்கொடுத்தீங்களோ, ஆளு வேலைக்கே உதவாமப் போயிட்டான். முறைச்சுக்கிட்டாவது நிக்கட்டும், ஆனா இழுக்கச் சொல்லுங்க!"

"உன் தோள் வலிக்கும்னுதான்..." என்றேன்.

"வெடுக்குன்னு இழுக்காதேன்னுதானே சொன்னேன்? இழுக்கவே இழுக்காதேன்னா சொன்னேன்? நான் எவ்வளவு இழுக்கிறேனோ அவ்வளவு நீயும் இழு. அது தெரியாதா? எத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறே?"

 டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தையலக்கா மெஷினின்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "தம்பி, இப்போ உங்களுக்கு இவர்மேல என்ன குறை?"

"அதான் சொன்னேனே. இழுக்க மாட்டேங்கிறான்."

"தோள்?"

"ஏதோ... பரவாயில்லை. எண்ணெய் தேய்க்க வருது."

"அக்கா?"

"அக்கா வர்றா. பொண்ணு சாப்பிடுறா." அவன் எரிச்சலோடு தையலக்காவைப் பார்த்தான். "இதெல்லாம் எதுக்கு விசாரணை?"

"அப்போ பழைய குறை தீர்ந்துச்சு" என்று சோப்பம்மா எழுந்தே விட்டாள். "எல்லாரும் கேட்டீங்கல்ல? தீர்ந்துச்சு!"

"தீர்ந்துச்சுன்னு நான் சொல்லலையே?"

"நீதானே சொன்னே! இப்போ இருக்கிறது புதுக் குறை. புதுசை நாளைக்கு ரோலர்ல தீர்த்துக்கோங்க. அக்கா, பக்கத்தைத் திருப்புங்க. தயவுசெஞ்சு திருப்புங்க."

அக்கா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தார். அவ்வளவுதான். அறை முழுக்க ஒரே தாள் சத்தம். டிரைவர் தன் கறுத்துப்போன பக்கத்தில் விரலைக் கீழே இறக்கினார், கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

"உங்க முறை" என்றார் அக்கா என்னிடம்.

 மச்சான் கிளம்பவில்லை. கதவில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான். அவன் எதற்கு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். கைநாட்டு திக்குவதைக் கேட்டுவிட்டுப் போக நிற்கிறான். நாளைக்குக் கூடம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை வேண்டும். நான் வருஷக்கணக்கில் ஆசைப்பட்டது இந்த நிமிஷத்துக்குத்தான். அவன் எதிரில் நிற்க, நான் கடகடவென்று வாசிக்க.

கண் வரியில் விழுந்தது. பக்கத்தைத் திருப்ப வேண்டியதே இருக்கவில்லை. அடுத்த பகுதி அதே பக்கத்தில், அடுத்த வரியிலேயே நின்றது. உன்மேல் வழக்கு வைத்திருக்கிறவனோடு வழியில் போகிறபோதே, சீக்கிரமாக, அவனோடு சமாதானம் பண்ணிக்கொள் என்று ஆரம்பிக்கிறது. எதிராளி! இத்தனை வாரம் கழித்து இவ்வளவு கஷ்டப்பட்டுத் தாண்டி வந்தால், அங்கேயும் அவனேதான் நிற்கிறான்.

வாசித்தேன். கடகடவென்று வரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு கையாலும் தூக்கி வைப்பதுபோல வந்தது. டிரைவர் முதல் வரியிலேயே முனக ஆரம்பித்துவிட்டார். சோப்பம்மா "ஆண்டவரே" என்று மூட்டையில் சாய்ந்தாள், ஜெபமா வயிற்றெரிச்சலா தெரியவில்லை. நான் நிறுத்தவில்லை. சிறைக்குள் தள்ளப்படுவதைப் பற்றிய இடத்துக்குப் போகும் முன்னால் 'நியாயாதிபதி' என்ற சொல் வந்தது. விரல் நின்றுவிட்டது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. முதலிலிருந்து கூட்டினேன். நடுவில் உடைந்தது. மறுபடி கூட்டினேன்.

கதவுப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவன் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தான். வாய் ஒரு பக்கம் ஏறியிருந்தது. என்னைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். மையில் அழுத்திய அதே விரல்.

"கைநாட்டு மாமா" என்றான். "நின்னுட்டீங்களே. மேலே படிங்க. நின்னா சுருங்கிடும்."

உடைத்து உடைத்து அந்தச் சொல்லைக் கடந்தேன். கடைசி வரி வரை வாசித்தேன். புத்தகத்தை மூடியபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எத்தனை வாரம் போகும்க்கா?" என்றார் டிரைவர், செத்த குரலில்.

தையலக்கா அவரை விட்டுத் திரும்பினார். மச்சானிடம் கேட்டார். "வீட்டுக்குப் போற வழி உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?"

"இல்லை" என்றான் மச்சான்.

"ஒண்ணுதான்" என்றேன் நான்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. குடோன் பக்கம் திரும்பும் முனையில் வழக்கம்போலக் கால் தானாகத் திரும்பியது. நிறுத்தி, நேர்த்தெருவில் இறங்கினேன். அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"பக்கத்துல எல்லாம் வர வேண்டாம்" என்றான், திரும்பாமல்.

"வரலை" என்றேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை.